டீயோடு ஒரு வலி மாத்திரை

என் தங்கச்சி புருஷனின் மண்டையை நான் குக்கர் மூடியால் உடைத்தபோது அவர் தன் மனைவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். அவள் வாந்தி எடுத்த ரத்தத்தின் மேலேயே அவர் நெற்றி ரத்தமும் சொட்டியது. நான் இரண்டாவது தடவை ஓங்கினேன். அவருடைய அம்மா என் மணிக்கட்டைக் கடித்ததால்தான் மூடி கை நழுவிக் கீழே விழுந்தது. மாமி மட்டும் கடித்திராவிட்டால் அன்றைக்கு ஒரு கொலை செய்திருப்பேன், சந்தேகமே இல்லை.

எனக்கு வாயைவிடக் கை முந்தும். இந்தத் தீவில், ஜங்லிகாட் மீன் மார்க்கெட்டில் இருபது வருஷமாக மீன் வெட்டி விற்கிறேன். அங்கே என் கையைத் தெரியாதவர்கள் கிடையாது. செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு "சடா ஹுவா ஹை", அழுகிப்போனது என்று ஊர் கேட்கச் சொன்ன ஒருத்தனை, அதே சூரை மீனின் வாலைப் பிடித்துக் கன்னத்தில் வீசியிருக்கிறேன். என் ஐஸைத் திருடியவளை மயிரைப் பிடித்து படகுத்துறை வரைக்கும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன். இதையெல்லாம் பெருமையாகத்தான் நினைத்திருந்தேன். அம்மா போனபோது எனக்குப் பதினெட்டு, தங்கச்சிக்கு ஏழு. அப்பா கடலே கதி என்று கிடந்தார். தூத்துக்குடிப் பக்கம் இருந்த சொந்தங்கள் ஒவ்வொன்றாகச் செத்தும் சிதறியும் போய்விட்டன. அவளைக் குளிப்பாட்டினேன், ஜெபம் சொல்லிக் கொடுத்தேன், அடித்தேன். அடித்ததும் வளர்ப்பில் சேர்த்திதான் என்று நம்பினேன்.

ஹேடோவில் துறைமுக வேலையில் இருந்த பையனுக்கு அவளைக் கட்டிக் கொடுத்தோம். குவார்ட்டர்ஸ் வீடு, மாப்பிள்ளை, அவர் அம்மா, வேறு ஆள் இல்லை. மூன்றாம் வருஷம் உண்டானாள். ஏழாம் மாசம் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே இறந்துவிட்டது. பெற்றெடுத்து, முகத்தைப் பார்த்து, கல்லறையில் வைத்துவிட்டு வந்தாள். அதற்கப்புறம் அவள் எழுந்திருக்கவில்லை. படுக்கையில் சுவரைப் பார்த்துக் கிடந்தாள். தலை சீவவில்லை. மாதா கோயில் பூசைக்கு வரவில்லை. மூன்று மாசம் கழித்து ஒருநாள் நான் அவள் முதுகைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தபோது, குரலில் ஒரு ஏற்ற இறக்கமும் இல்லாமல் சொன்னாள்.

"யக்கா, காலைல முழிப்பு வராம இருந்தா நல்லாருக்கும்."

மறுநாளே துணி எடுக்கப் போகிறோம் என்று மாமியிடம் புளுகிவிட்டு, அவளை மனநல டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஏன் புளுகினேன் என்றால், மாமி ஒருநாள் பக்கத்து பிளாக்கில் இருந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லியிருந்தாள். அவளுக்குப் புத்தி சரியில்லை, பாகல் என்று வீட்டாருக்குத் தெரிந்ததும் மெயின்லேண்ட் கப்பலில் ஏற்றி அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். எங்கள் தீவில் அது நடக்கிறதுதான். பைத்தியம் என்று பெயர் வந்த மருமகளுக்கு ஒரு வழி டிக்கெட். என் தங்கச்சிக்கு அந்தப் பக்கம் போய் இறங்க வீடு கிடையாது.

டாக்டரம்மா நிதானமாகக் கேட்டார். தூக்கம், சாப்பாடு, அழுகை எல்லாம் கேட்டார். என் தங்கச்சி பேசவில்லை, நான்தான் பேசினேன். கடைசியில் கேட்டார்: "வேற ஏதாவது மருந்து எடுக்கிறாங்களா? கடையில வாங்கிப் போடுற தலைவலி மாத்திரை, உடம்பு வலி மாத்திரை? இனிமே எதுவும் புதுசா சேர்க்கிறதா இருந்தாலும் என்கிட்ட கேட்டுட்டுத்தான்."

"ஒண்ணும் கெடையாதுங்க," என்றேன். என் பைக்குள் அப்போதும் ஒரு பட்டை வலி மாத்திரை இருந்தது. அது என்னுடையது, அவள் அந்தச் சமயம் போட்டுக்கொண்டிருக்கவில்லை, அதனால் அது பொய்யும் இல்லை. ஆனால் அவர் "எதுவும்" என்று சொன்னதில் வலி மாத்திரையும் அடங்கும் என்று எனக்கு உறைக்கவில்லை. சர்க்கரைக்குப் போடுவது மருந்து, பிரஷருக்குப் போடுவது மருந்து. வலி மாத்திரையை மருந்துக் கணக்கில் நாங்கள் யாரும் சேர்த்ததே இல்லை.

மனச்சோர்வு மாத்திரையை எங்கே வைப்பது என்று யோசித்தேன். கர்ப்பமாக இருந்தபோது கொடுத்த இரும்புச் சத்து மாத்திரை பாட்டில் அவள் அலமாரியில் பாதி கிடந்தது. அதைக் காலி செய்து, டாக்டர் எழுதிய மாத்திரைகளைப் பட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி அதற்குள் போட்டு மூடினேன்.

"கேட்டா சத்து மாத்திரன்னு சொல்லு. மாப்பிளைட்டகூட வாயத் தொறக்காத. தொறந்த, தோல உரிச்சிருவேன்," என்றேன். அவள் தலையாட்டினாள்.

மாத்திரை வேலை செய்தது, அதையும் சொல்ல வேண்டும். ஆறு வாரத்தில் தானாகக் குளித்தாள். அதற்கடுத்த மாசம், மாமி தொலைக்காட்சியைத் திட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டுச் சிரித்தாள். நான் அடுக்களையில் நின்று அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். டாக்டரம்மா, இனி ஏதாவது வேலையில் ஈடுபடுத்துங்கள் என்றார். அடுத்த நாளே அவளை என் பக்கத்தில் மார்க்கெட்டில் உட்கார வைத்துக்கொண்டேன்.

மீன் வெட்டுவது விளையாட்டு வேலை இல்லை. விடியும் முன்னே ஐஸில் கையை விட்டால் பகல் பத்து மணி வரைக்கும் கை ஐஸிலும் ரத்தத்திலும்தான். இடுப்பு ஒடியும், விரல் மடங்காது. ஆறரை மணிக்கு டீ வரும். டீயோடு ஒரு வலி மாத்திரை. அது மார்க்கெட்டின் பழக்கம். தெலுங்குக்காரியோ பெங்காலிக்காரியோ, யார் பட்டையை எடுத்தாலும் இரண்டு பக்கத்திலும் இருக்கிறவர்களுக்கு ஒவ்வொன்று பிதுக்கிக் கொடுக்காமல் தான் மட்டும் போட மாட்டார்கள். கொடுத்ததை வேண்டாம் என்றால் முகம் கோணும், வெற்றிலையைத் திருப்பிக் கொடுத்த மாதிரி. வயிற்றில் ஒன்றும் இருக்காது, வெறும் டீதான் இருக்கும். புதிதாக வந்த என் தங்கச்சிக்கு இடுப்பு வலி தாங்கவில்லை. காலையில் ஒன்று, கடை கட்டும்போது ஒன்று, மீன் அதிகம் இறங்கிய நாளில் இன்னொன்றும் கொடுத்தேன். நான்தான் கொடுத்தேன், மற்றவர்கள் கொடுக்க விடவில்லை. என் பிள்ளைக்கு நான் கொடுப்பேன் என்று ஒரு திமிர்.

ஒரு மாசம் போயிருக்கும். டீ வந்தது, மாத்திரையை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"வயிறு எரியுதுக்கா. இன்னைக்கு வேண்டாம்."

"வெறும் வயித்துல டீ குடிச்சா எரியத்தான் செய்யும். போடு."

"வேண்டாம்க்கா. இதப் போட்டாத்தான் ரொம்ப எரியுது."

எனக்குப் பயம் வந்தது. மறுபடியும் அந்தப் படுக்கைக்கும் சுவருக்கும் போகப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். இன்றைக்கு மாத்திரை வேண்டாம் என்பாள், நாளைக்கு இடுப்பு வலி என்று வர மாட்டேன் என்பாள். எனக்குப் பயம் வந்தால் அது பயமாக வெளியே வராது. மார்க்கெட்டே பார்க்க, மீன் செதில் ஒட்டிய கையால் அவள் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டேன். எதிர்க் கடைத் தெலுங்குக்காரி "அரே தீதி" என்று எழுந்தே விட்டாள். தங்கச்சி என்னைப் பார்க்காமல் மாத்திரையை வாங்கி வாயில் போட்டு டீயைக் குடித்தாள். கன்னத்தில் நான்கு விரலும் தெரிந்தன. அன்று முழுக்க அவள் வேகமாக மீன் வெட்டினாள், எனக்கு நிம்மதியாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் காயங்களைப் பார்த்தேன். கை கழுவும்போது சட்டைக் கையை மேலே ஏற்றினாள். முழங்கைக்கு மேலே நீலமாக, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு கன்றிப்போன தடம். பக்கத்திலேயே மஞ்சளாக மாறிக்கொண்டிருந்த இன்னொன்று. அடுத்த வாரம் தொடையில் ஒன்று, உள்ளங்கை அளவுக்கு.

"யாருட்டி அடிச்சா?"

"யாரும் அடிக்கலக்கா. எங்கயோ இடிச்சிருக்கும். இப்பல்லாம் லேசா இடிச்சாலே இப்படி ஆயிருது."

எந்தப் பெண்பிள்ளைதான் புருஷன் அடித்தான் என்று உடனே ஒப்புக்கொண்டிருக்கிறாள்? மார்க்கெட்டில் பாதிப் பேருக்குக் கதவில்தான் இடிக்கும், படியில்தான் வழுக்கும். எனக்குள் கொதிக்க ஆரம்பித்தது. பேசாத மாப்பிள்ளை, தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடும் மாப்பிள்ளை, இவ்வளவு நாளும் இந்த ஊமைத்தனத்துக்குப் பின்னால் இதைத்தான் ஒளித்து வைத்திருந்தாரா என்று நினைத்தேன். ராத்திரி படுத்தால் அவர் கை அவள் தொடையில் இறங்குவதுதான் கண்ணுக்குள் வந்தது.

ஹேடோவில் வேலை முடிந்து வெளியே வருகிற வாசலில் போய் நின்றேன். சக ஆட்களோடு வந்தார். சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தேன். பொத்தான் இரண்டு தெறித்து விழுந்தது.

"எம் பிள்ள மேல இன்னொரு தடம் பாத்தேன், மீன அறுக்க மாதிரி அறுத்துருவேன், கேட்டியளா?"

சுற்றி நின்றவர்கள் "க்யா ஹுவா, க்யா ஹுவா" என்று கூடிவிட்டார்கள். மாப்பிள்ளை என் கையைத் தட்டிவிடவில்லை. "மைனி, நான் ஒண்ணும் செய்யல. எனக்கும் அதுதான் புரியல," என்றார் மெதுவாக. எதிர்த்து நிற்காதவன் குற்றவாளி என்பது என் சட்டம். காரித் துப்பிவிட்டு வந்தேன்.

இன்னொரு விஷயமும் நடந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை வெளியே போயிருந்தார். எதிர் வீட்டில் ஒரு பெங்காலி அக்கா, சுகாதார நிலையத்தில் நர்ஸ் வேலை பார்ப்பவள், மாமியோடு பேச வந்திருந்தாள். மாமி தனக்குத் தெரிந்த ஹிந்தியில், மருமகளுக்கு நாலைந்து நாளாக வெளிக்கி கருப்பாகத் தார் மாதிரி போகிறதாம், முகமும் வெளுத்துவிட்டதே, என்ன செய்வது என்று கேட்டாள். அந்த அக்கா முகம் சட்டென்று கூர்மையானது. என்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று கேட்டாள். மாமி எழுந்து போய் அலமாரியிலிருந்து பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினாள்.

நர்ஸ் அக்கா மேலே ஒட்டியிருந்த எழுத்தைப் படித்துவிட்டுச் சிரித்தாள். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான் கருப்பாகப் போகும், பயப்படாதீர்கள், நிறுத்தாமல் கொடுங்கள் என்றாள்.

தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் அவளை முறைத்தேன். அந்த பாட்டிலுக்குள் இரும்பு இல்லை என்பது அந்த அறையில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். கருப்பாகப் போனால் என்ன அர்த்தம் என்பது நர்ஸ் அக்காவுக்கு மட்டும் தெரியும். நான் வாயைத் திறந்து ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். நானோ, நல்லவேளை, மூடியைத் திறந்து பார்க்கவில்லை, தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டுவிட்டு மாமி கொடுத்த அதிரசத்தைச் சாப்பிட்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை. தங்கச்சி கடைக்கு வரவில்லை. ஏழு மணிக்கு மாமி போன் செய்தாள்.

"ஏளா, ஒந்தங்கச்சி ரத்தமா எடுக்கா. வா, சீக்கிரம் வா."

போட்டதைப் போட்டபடி போட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினேன். போகிற வழியெல்லாம் என் தலைக்குள் ஒன்றுதான் ஓடியது. வயிற்றில் உதைத்திருக்கிறான். பிள்ளையைத் தூக்கிக் கொடுத்த வயிற்றில் உதைத்திருக்கிறான். வீட்டுக்குள் நுழைந்தால் அடுக்களைத் தரையில் அவள் கிடந்தாள். உதடு வெள்ளைக் காகிதம் போல இருந்தது. நைட்டி முன்பக்கம் முழுக்கக் கருஞ்சிவப்பு, அதில் காப்பித்தூள் மாதிரி கட்டி கட்டியாக. சரிந்த கையில் அதே நீலத் தடம். அவர் அவள் தலையை மடியில் வைத்து வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுப்பு மேடையில் குக்கர் மூடி இருந்தது.

மீதியைத்தான் சொல்லிவிட்டேனே. மூடியின் விளிம்பு அவர் நெற்றியை எலும்பு தெரிய வெட்டியது. "ஏலே கொலகாரப் பாவி" என்று நான் கத்தியது குவார்ட்டர்ஸ் முழுக்கக் கேட்டதாம். அந்தக் கத்தலுக்கு நடுவில், ரத்தம் கண்ணில் வழிய, அவர் சொன்னது ஒன்றுதான்: "மைனி, பொறவு அடிங்க. மொதல்ல இவளத் தூக்குங்க."

ஆட்டோவில் நானும் மாமியும் அவளைக் கிடத்திக்கொண்டு போனோம். பின்னாலேயே அவர் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் வந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அவரை வேறு அறைக்குத் தையல் போட இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த அறையிலிருந்து ஒரு போலீஸ்காரர் எப்படி அடிபட்டது என்று கேட்பதும், "படியில வழுக்கி விழுந்தேன் சார்" என்று அவர் சொல்வதும் எனக்குக் கேட்டது. மாட்டிக்கொள்ளாமல் இருக்கப் புளுகுகிறான் என்று நினைத்தேன். மாட்டியிருக்க வேண்டியது நான் என்பதுகூட மண்டையில் ஏறவில்லை.

இளவயது டாக்டர், தமிழ் பேசினார். "என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?" என்று கேட்டார். மாமி இடுப்புச் சுருக்கிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்து நீட்டினாள். எனக்கு முன்னாலேயே அதை நினைவாக எடுத்து வந்திருந்தாள் மனுஷி. டாக்டர் மேலே படித்தார். என்னைப் பார்த்தார்.

"இது மட்டும்தானா?"

மாமி பக்கத்திலேயே நின்றாள். கப்பல் நினைவுக்கு வந்தது. "ஆமா, சத்து மாத்திரதான்," என்றேன். பிறகு கேட்காமலே சொன்னேன்: "அவ புருஷன் வயித்துல ஒதச்சிருக்கான் டாக்டர். ஒடம்பெல்லாம் தடம் பாருங்க."

அவர்கள் தடங்களைப் பார்த்தார்கள். அடிபட்டு உள்ளே ஏதோ கிழிந்திருக்கிறது என்று வயிற்றில் ஸ்கேன் வைத்தார்கள். கல்லீரலைப் பார்த்தார்கள், மண்ணீரலைப் பார்த்தார்கள். எல்லாம் முழுசாக இருந்தன. இதற்குள் அவள் இன்னொரு தடவை ரத்தம் எடுத்தாள். பிரஷர் பார்த்த நர்ஸ் "பிரஷர் இறங்குது" என்று கத்தினாள். எல்லோரும் ஓடினார்கள். என் பொய்யைப் பிடித்துக்கொண்டு தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருந்தார்கள், என் பிள்ளையின் உயிர் ஒழுகிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் தலையில் கட்டோடு அவர் வந்தார். நேராக டாக்டரிடம் போனார். அம்மா நிற்கிறாள், நான் நிற்கிறேன், எதையும் பார்க்கவில்லை.

"டாக்டர், அவ மனசு சரியில்லாம மாத்திர சாப்பிடுதா. அஞ்சு மாசமா. அந்த பாட்டில்ல இருக்கது சத்து மாத்திர இல்ல, அதான்."

டாக்டர் மூடியைத் திறந்து ஒரு மாத்திரையை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "கூடவே வலி மாத்திரை ஏதாவது போடுறாங்களா?"

"இல்ல டாக்டர். வீட்டுல ஒண்ணும் கெடையாது," என்றார் மாப்பிள்ளை.

அவருக்கு ஒரு பாதி தெரிந்திருந்தது. இன்னொரு பாதி எனக்கு மட்டும்தான் தெரியும். மார்க்கெட்டையே கிழிக்கும் என் தொண்டையிலிருந்து முனகலாகத்தான் வந்தது.

"நான் குடுத்தேன். டீயோட. தெனம் ரெண்டு. சில நாளு மூணு."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு மாசத்துக்கு மேல."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் புண், அதன் நடுவில் ஒரு ரத்தக் குழாய் திறந்துகொண்டு பீச்சிக்கொண்டிருந்தது. அதை உள்ளேயே அடைத்தார்கள். ரத்தம் வேண்டும் என்றார்கள். எனக்கு வகை சேரவில்லை. மாப்பிள்ளைக்குச் சேர்ந்தது. அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போனார். ரத்த வங்கிக்காரர், உங்கள் தலையிலிருந்தே இவ்வளவு போயிருக்கிறது, உங்களிடம் எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். நான் உடைத்த தலை. அவர் சுவரோரமாகக் குந்தி உட்கார்ந்து, முதல் தடவையாக வாய்விட்டு அழுதார். ஹேடோவிலிருந்து அவருடைய கூட்டாளிகள் நாலு பேர் வந்து கொடுத்தார்கள். அவர்கள் முன்னால்தான் அவர் காலரைப் பிடித்திருந்தேன். என்னைக் கடந்து போகும்போது ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிற்பகலில் டாக்டர் வெளியே வந்து விளக்கினார். மனச்சோர்வுக்கான அந்த வகை மாத்திரை, ரத்தம் உறையும் வேலையைக் கொஞ்சம் மந்தமாக்கும். அது மட்டும் இருந்தால் பெரும்பாலும் தொந்தரவு வராது. வலி மாத்திரை வயிற்றின் உள்தோலை அரிக்கும். இரண்டும் தினம் சேர்ந்தால் ஒன்று புண்ணைக் கிண்டும், இன்னொன்று அந்தப் புண்ணை அடைபட விடாது. உடம்பில் இருந்த நீலத் தடங்களும் அதனால் வந்திருக்கலாம். கருப்பாகப் போனது வயிற்றில் கசிந்த ரத்தம்.

"அப்ப அந்த மனசு மாத்திரய நிறுத்திருவமா?" என்றாள் மாமி.

"நீங்களா நிறுத்தக் கூடாதும்மா. அவங்களை எழுப்பி உட்கார வெச்சதே அதுதான். எப்படித் தொடர்றதுன்னு அந்த டாக்டரோட பேசிட்டுச் சொல்றோம். வலிக்கு என்ன போடணும்னும் நாங்க சொல்றோம். கடையில கேட்காம கிடைக்கிறதனால அது மருந்து இல்லன்னு ஆயிராது."

மாமி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். கடித்த வாயால் என்ன சொல்லப் போகிறாளோ என்று விறைத்து நின்றேன். "மனசு சரியில்லன்னா சொல்லுததுக்கு என்னட்டி? ரெண்டு பிள்ளயக் குழியில வச்சவ நானு. எனக்குத் தெரியாதா?" என்றாள். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

என் ஆத்திரத்துக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. மறுநாள் காலை மார்க்கெட் முனையில் இருக்கும் மருந்துக் கடைக்குப் போனேன். மேடையில் இருந்த இருமல் மிட்டாய் ஜாடியைத் தூக்கித் தரையில் அடித்தேன். கண்ணாடி சிதறிக் கடைக்காரர் காலில் பட்டு ரத்தம் வந்தது. "ஏன் குடுத்த, ஏன் குடுத்த" என்று கத்தினேன். அவர் நடுங்கிக்கொண்டே, "தீதி, நீங்க எப்பவும் உங்க முதுகுக்குன்னுதானே கேப்பீங்க? வேற யாருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். உண்மைதான். குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டு வந்தேன். பொறுக்கும்போது என் கையும் கிழிந்தது, அதைத் துடைக்கவில்லை.

மூன்றாம் நாள் பகலில் அவளை வார்டுக்கு மாற்றினார்கள். மாமி கஞ்சி ஊட்டிவிட்டுக் கிண்ணத்தைக் கழுவப் போயிருந்தாள். நான் கட்டில் பக்கத்தில் நின்றேன். உதட்டில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல், என் வழக்கப்படி குற்றம் சொல்வதில் ஆரம்பித்தேன்.

"மாப்பிளைட்ட எப்ப சொன்ன?"

"மொத மாசமே சொல்லிட்டேன்."

"நான் அம்புட்டுச் சொல்லியும்? கப்பலேத்தி விட்டுருந்தா என்ன செஞ்சிருப்ப?"

"அவிய கேட்டுட்டு அழுதாவ. தெனம் ராத்திரி தண்ணி கொண்டாந்து தருவாவ, மாத்திர போட." மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னாள். "மாமிட்டயும் சொல்லுவோம்னு சொன்னாவ. நான்தான் வேண்டாம்னு சத்தியம் வாங்குனேன்."

"மாமிக்குப் பயந்தா?"

"மாமிட்ட சொன்னா ஒனக்குத் தெரிஞ்சிரும்லா."

ஜன்னலுக்கு வெளியே ஆட்டோ ஒன்று விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு ஏதாவது சொல்லித் தப்பிக்க வேண்டும் போல இருந்தது.

"சரி, அது கெடக்கட்டும். அந்த வலி மாத்திர வயித்துக்குச் சேரலன்னு இன்னொரு தடவ சொல்லிருக்கலாம்லாட்டி? நான் என்ன, பேயா? சொல்லிருந்தா குடுத்துருப்பனா?"

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே, கோபம் எதுவும் இல்லாமல், சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"மொத தடவ சொன்னேம்லாக்கா."

மின்விசிறி நேராக அவள் மேல் வீசியது, கை குளிர்ந்து மயிர்க்கால் நின்றது. காலடியில் மடங்கிக் கிடந்த போர்வையை இழுத்துக் கழுத்து வரைக்கும் விடலாம் என்று கையை வேகமாக நீட்டினேன்.

அவள் கண்ணை இறுக மூடி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கன்னத்தைக் கையால் மறைத்தாள்.